மூழ்கிய கப்பலின் உள்ளே செல்ல எந்தப் பயிற்சி? மூன்று வழிகளின் ஒப்பீட்டு அலசல்

மூழ்கிய கப்பலின் உள்ளே நுழைந்து முக்குளிக்க விரும்புகிறவருக்கு மூன்று பயிற்சி வழிகள் இருக்கின்றன. முதலாவது, பெரும்பாலான ஸ்கூபா அமைப்புகள் இரண்டு நாட்களில் நடத்தும் கப்பல் முக்குளிப்புச் சிறப்புப் பயிற்சி. இரண்டாவது, குகைவாய்ப் பயிற்சியையும் (வெளிச்சம் எட்டும் நுழைவுப் பகுதிக்கு உரியது) குகை அறிமுகப் பயிற்சியையும் முதலில் முடித்து, அங்கே பழகிய கயிற்று வேலையோடு, அதாவது திரும்பும் வழியைக் காட்டும் கயிற்றைக் கட்டிச் செல்லும் திறனோடு, கப்பலுக்கு வருவது. மூன்றாவது, இரட்டைச் சிலிண்டர்களோடு கற்பிக்கப்படும் தொழில்நுட்பக் கப்பல் ஊடுருவல் பயிற்சி. நான் முதல் வழியில் தொடங்கி, அதில் நிறைவு காணாமல் இரண்டாவது வழிக்குச் சென்றவன். மூன்றாவதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன், அதன் முன்நிலைப் பயிற்சிகளில் ஒரு பகுதியை முடித்திருக்கிறேன், முழுமையாகச் செய்ததில்லை. எனவே இந்த அலசல் மூன்றையும் சம தூரத்தில் நின்று எடைபோடுவதன்று. குகை வழியே வருவதுதான் பெரும்பாலோருக்கு ஏற்றது என்ற முடிவுக்கு நான் ஏற்கெனவே வந்துவிட்டேன். அதற்கான காரணத்தை விளக்குவதே இங்கே என் வேலை.

உள்ளே போகவே வேண்டாம் என்பவருக்கு இந்தத் தேர்வு தேவையில்லை. கப்பலின் வெளிப்புறத்தைச் சுற்றி நீந்த, அந்த ஆழத்துக்கு உரிய சான்றிதழும் நல்ல மிதப்புக் கட்டுப்பாடும் போதும். 1911-இல் சூறாவளியில் மூழ்கி ஆஸ்திரேலியக் கடலில் கிடக்கும் யோங்காலா கப்பலில் உள்நுழைவே தடைசெய்யப்பட்டிருக்கிறது. ஆயினும் உலகின் மிகச் சிறந்த கப்பல் முக்குளிப்புத் தலங்களுள் ஒன்றாக அது பேசப்படுகிறது. சட்டமும் இடத்துக்கு இடம் மாறும். போரில் மூழ்கிய கப்பல்கள் பலவும் மாலுமிகளின் கல்லறைகள் என்பதால், எதையும் தொடாமல், எடுக்காமல் வருவது எந்தப் பயிற்சியும் சொல்லித்தரத் தேவையில்லாத ஒழுக்கம்.

முதல் வழியான இரண்டு நாள் பயிற்சியைப் பார்ப்போம். பி.ஏ.டி.ஐ. (PADI) என்ற முக்குளிப்புப் பயிற்சி அமைப்பின் பாடத்திட்டத்தில் இதற்கு நான்கு முக்குளிப்புகள். குறைந்தபட்ச வயது 15. முதல் முக்குளிப்பில் கப்பலை வெளியிலிருந்து பார்வையிடுவதும், இரண்டாவதில் அதன் வரைபடத்தைக் குறித்துக்கொள்வதும், மூன்றாவதில் வழிக்கயிறு சுற்றிய ரீலைக் கொண்டு வெளிப்புறத்தில் கயிறு கட்டிப் பழகுவதும், நான்காவதில் சூழல் இடம் கொடுத்தால் உள்ளே நுழைவதும் நடக்கும். அந்த நுழைவுக்கும் எல்லை உண்டு: வெளியிலிருந்து வரும் இயற்கை வெளிச்சம் கண்ணுக்குத் தெரிய வேண்டும்; நீர்ப்பரப்பிலிருந்து கீழிறங்கிய ஆழமும் உள்ளே சென்ற தூரமும் சேர்ந்து 40 மீட்டரைத் தாண்டக் கூடாது. கப்பல் 28 மீட்டர் ஆழத்தில் கிடந்தால் உள்ளே செல்ல 12 மீட்டர்தான் மிஞ்சுகிறது. இந்த எல்லைக்குள் நிற்பவருக்கு இந்தப் பயிற்சியைக் குறைசொல்ல எனக்கு ஒன்றுமில்லை. 1941 அக்டோபர் 6 அன்று ஜெர்மானியக் குண்டுவீச்சில் செங்கடலில் மூழ்கிய திஸ்ல்கார்ம் கப்பல் ஏறத்தாழ 30 மீட்டர் ஆழத்தில் நிற்கிறது. அதன் சரக்கறைகள் அகலமானவை, மேலே திறந்தவை. உள்ளே வரிசையாக நிற்கும் மோட்டார் சைக்கிள்களையும் லாரிகளையும் வெளிச்சத்தை விட்டு விலகாமலே பார்த்துவிட்டு வரலாம். அத்தகைய இடத்துக்கு இரண்டு நாள் பயிற்சி சரியான அளவு.

சான்றிதழ் கைக்கு வந்த பிறகு மனம் அந்த எல்லைக்குள் நிற்பதில்லை என்பதுதான் சிக்கல். என் நான்காவது முக்குளிப்பில் நாங்கள் மூவர் ஒரு நடைவழியில் பத்து மீட்டர் தூரம் சென்று திரும்பினோம். ரீலைப் பிடித்திருந்தவர் பயிற்றுநர். நான் கயிற்றைத் தொட்டுக்கொண்டு பின்னால் போனேன், தண்ணீர் தெளிவாக இருந்தது, ஒன்றும் நடக்கவில்லை. வெளியே வந்தபோது எனக்கு உள்நுழைவு தெரியும் என்று நம்பினேன். அடுத்த ஆண்டு வேறொரு கப்பலில் முதல்முறையாக நானே ரீலை எடுத்து முதல் முடிச்சைப் போட்டபோதுதான், அதுவரை ஒரே ஒரு முக்குளிப்பில், அதுவும் வெளிப்புறத்தில், பத்து நிமிடத்துக்கும் குறைவாகவே அந்த வேலையைச் செய்திருக்கிறேன் என்பது உறைத்தது. கயிறு தளர்ந்து தொங்கியது. ரீலில் சிக்கல் விழுந்தது. அதைப் பிரிக்கக் குனிந்த நேரத்தில் என் காலில் மாட்டிய துடுப்பான ஃபின் தரையைத் தட்டி வண்டலைக் கிளப்பியது. அன்று நாங்கள் நுழையாமலே மேலே வந்துவிட்டோம். பயிற்றுநரின் மீது தவறு ஏதுமில்லை. பாடத்திட்டம் கேட்டதை அவர் முழுமையாகச் செய்தார். ஒரு திறன் கையில் ஊறுவதற்குத் தேவையான தடவைகள் அந்தப் பாடத்திட்டத்தில் இல்லை.

காற்றுக் கணக்கிலும் இதே குறை இருக்கிறது. மூன்றில் ஒரு பங்கு விதியை எல்லோரும் சொல்லித்தருகிறார்கள்: ஒரு பங்கு உள்ளே செல்ல, ஒரு பங்கு வெளியே வர, ஒரு பங்கு ஆபத்துக்கு. விதியை மனப்பாடம் செய்வது எளிது. ஒற்றைச் சிலிண்டரோடு 30 மீட்டரில் அது எவ்வளவு இறுக்கமானது என்பதை எண்களில் வைத்துப் பார்த்தால்தான் புரியும். 12 லிட்டர் சிலிண்டரை 200 பார் (பார் என்பது அழுத்த அலகு) வரை நிரப்பினால் 2,400 லிட்டர் காற்று. நீர்ப்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் மூச்சு வாங்குபவர், 4 பார் அழுத்தம் உள்ள 30 மீட்டரில் 80 லிட்டர் செலவழிப்பார். இறங்கும்போது செலவாகும் காற்றை எளிமைக்காக விட்டுவிட்டால், மூன்றில் ஒரு பங்கான 800 லிட்டரில் 10 நிமிடம் உள்ளே போகலாம். அந்தப் பத்தாவது நிமிடத்தில் துணைவரின் காற்று நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். என்னிடம் 1,600 லிட்டர் இருக்கிறது. இருவரும் அமைதியாக மூச்சு வாங்கினால் நிமிடத்துக்கு 160 லிட்டர். 10 நிமிடத்தில் வாசலுக்கு வரும்போது சிலிண்டர் காலியாகியிருக்கும். வாசல் 30 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. மேலே எழுவதற்கு மூச்சில்லை. உண்மையில் அந்த நிலையில் யாரும் அமைதியாக மூச்சு வாங்கமாட்டார்கள். ஆளுக்கு இரு மடங்கு என்றால் 1,600 லிட்டர் 5 நிமிடத்தில் தீர்ந்துவிடும்; நாங்கள் பாதி வழியில்தான் இருப்போம்.

நான் இப்போது பின்பற்றும் முறை வேறு. இருவரும் பகிர்ந்து மூச்சு வாங்கியபடி 30 மீட்டரிலிருந்து மெதுவாக எழுந்து, 5 மீட்டரில் 3 நிமிடம் நிற்கத் தேவையான காற்றை முதலில் ஒதுக்கிவிடுகிறேன். இந்தச் சிலிண்டருக்கு அதை 70 பார் என்று வைத்திருக்கிறேன். மீதமுள்ள 130 பாரைத்தான் மூன்றாகப் பிரிக்கிறேன். அப்போது உள்ளே செல்ல 43 பார், அதாவது ஏறத்தாழ ஆறரை நிமிடம். குகை அறிமுகப் பயிற்சியில் இரட்டைச் சிலிண்டர்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குப் பதிலாக ஆறில் ஒரு பங்கு என்று கட்டுப்படுத்துவார்கள். அதே விகிதத்தை என் ஒற்றைச் சிலிண்டருக்குப் போட்டால் 5 நிமிடம். இரண்டும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நிற்பதைப் பார்த்தபோது, அந்தக் கட்டுப்பாட்டின் பின்னால் இருக்கும் கணக்கின் மீது எனக்கு மதிப்பு பிறந்தது.

இரண்டாவது வழிக்கு வருகிறேன். கப்பலுக்குப் போக விரும்புகிறவர் ஏன் சுண்ணாம்புக்கல் குகையில் பயில வேண்டும் என்று கேட்பது நியாயமானதே. தலைக்கு மேல் கூரை இருக்கும் எந்த இடத்திலும் உயிரைக் காக்கும் விதிகள் குகைகளில்தான் உருவாயின. அதுவும் பலர் இறந்த பிறகு. 1970-களின் இறுதியில் ஷெக் எக்ஸ்லி என்ற அமெரிக்கக் குகை முக்குளிப்பாளர், புளோரிடாவின் குகை மரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, திறந்த நீர் வரை அறுபடாமல் செல்லும் வழிக்கயிறு இல்லாமை, திரும்புவதற்குப் போதிய காற்றை ஒதுக்காமை, மிதமிஞ்சிய ஆழம் ஆகியவை திரும்பத் திரும்ப வருவதைக் கண்டார். பயிற்சியின்மையும் போதிய விளக்குகள் இல்லாமையும் பின்னர் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. கப்பல் பயிற்சிகளில் சொல்லப்படும் விதிகளும் இவையே. குகையில் அவை பாடத்தின் மையமாக இருக்கின்றன. இரண்டு நாள் கப்பல் பயிற்சியிலோ ஒரு பிற்பகலில் கடந்துபோகின்றன.

நான் பயின்றது மெக்சிகோவின் யுகடான் தீபகற்பத்தில். முதல் நாளில் பெரும்பகுதியைத் தண்ணீருக்கு வெளியேதான் கழித்தோம். மரங்களுக்கு இடையே கயிறு கட்டினோம், அவிழ்த்தோம், மீண்டும் கட்டினோம். முதல் முடிச்சு, நேராக மேலே எழக்கூடிய திறந்த இடத்தில். இரண்டாவது, நுழைந்தவுடன் உள்ளே. அதன்பின் கயிறு திசை மாறும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு பிடிப்பு. கயிறு எப்போதும் இறுக்கமாக இருக்க வேண்டும். கை நுழையாத இடுக்குக்குள் அது இழுபட்டுவிடாதபடி முடிச்சு விழ வேண்டும். பிறகு கண்ணைக் கட்டிவிட்டார்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்த வளையத்துக்குள் கயிற்றை வைத்து, மறுகையால் முன்னால் இருப்பவரின் கையைப் பற்றி, பேசாமல் வெளியே வர வேண்டும். முன்னே தள்ளினால் நகர வேண்டும், அழுத்திப் பிடித்தால் நிற்க வேண்டும். அடுத்து, கயிற்றைத் தவறவிட்டவர் செய்ய வேண்டியது: நின்ற இடத்திலேயே நிற்பது, கையில் உள்ள சிறிய ரீலின் முனையை அசையாத பொருளில் கட்டுவது, கயிறு இருந்திருக்கக்கூடிய திசையை நோக்கிக் கையால் துழாவியபடி மெதுவாகச் செல்வது, கிடைக்காவிட்டால் கட்டிய இடத்துக்கே திரும்பி வேறு திசையில் முயல்வது. இவற்றையெல்லாம் நிலத்தில் செய்து, பின் தண்ணீரில் கண்ணைத் திறந்துகொண்டு செய்து, பின் விளக்கை அணைத்துச் செய்து, கடைசியில் காற்றைப் பகிர்ந்துகொண்டே கண்ணை மூடிச் செய்தோம். நீந்தும் முறையும் மாறியது. ஃபின்னை மேலும் கீழும் அடிக்காமல் தவளைபோல் பக்கவாட்டில் தள்ளுவது, நின்ற இடத்திலேயே திரும்புவது, பின்னோக்கி நகர்வது ஆகிய மூன்றும் வராதவரை அடுத்த கட்டத்துக்கு விடவில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகும், குகை வழியை நான் தேர்ந்தெடுத்ததற்கான தீர்மானமான காரணம் இன்னும் பாக்கி இருக்கிறது. பயிற்சியின் தரத்தைவிட, பயிற்சிக்குப் பிறகு அந்தத் திறனைப் பேணிக் காக்க முடியுமா என்பதே என் முடிவைத் தீர்மானித்தது. கருவிகளைப் பராமரிப்பது பற்றி முக்குளிப்போர் நிறையப் பேசுகிறோம். சிலிண்டரின் காற்றை மூச்சுக்கு ஏற்ற அழுத்தத்தில் தரும் ரெகுலேட்டரை ஆண்டுக்கொரு முறை சர்வீசுக்குக் கொடுக்கிறோம், சிலிண்டருக்கு அழுத்தச் சோதனை செய்கிறோம், ரப்பர் வளையங்களை மாற்றுகிறோம். கையில் இருக்கும் திறனுக்கும் அதே தேய்மானம் உண்டு என்பதை மட்டும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. சான்றிதழ் அட்டையில் காலாவதித் தேதி கிடையாது. எட்டு ஆண்டுகளுக்கு முன் ஒருமுறை ரீலைப் பிடித்தவரும் நேற்றுப் பிடித்தவரும் அட்டையில் ஒன்றே.

என்னைப் போல ஆண்டுக்கு இரண்டு பயணம், அவற்றில் கப்பல் முக்குளிப்பு பத்தோ பன்னிரண்டோ என்ற அளவில் இருப்பவர்தான் இந்தத் துறையில் பெரும்பான்மை என்று நினைக்கிறேன். அப்படிப்பட்டவர் ஒவ்வொரு வழியிலும் எதைப் பேண வேண்டியிருக்கிறது என்று பார்த்தால் வேறுபாடு தெளிவாகிறது. இரண்டு நாள் பயிற்சியில், பேணுவதற்குத் தேவையான திறன் உருவாகவே இல்லை. ஒருமுறை கட்டிய முடிச்சை நினைவிலிருந்து மீட்க முடியாது. தொழில்நுட்பப் பயிற்சியில், பேண வேண்டியவை ஏராளம்: தோளுக்குப் பின்னால் கையை வளைத்து வால்வை மூடுவது, பக்கச் சிலிண்டருக்கு மாறுவது, உடலில் கரைந்த வாயு வெளியேறுவதற்காக மேலே எழும் வழியில் செய்யும் அழுத்தத் தளர்வு நிறுத்தங்களில் ஒரே ஆழத்தில் அசையாமல் நிற்பது, இவற்றோடு கயிறு. இவற்றில் பெரும்பாலானவற்றைத் தண்ணீரில், முழுக் கருவிகளோடு மட்டுமே பழக முடியும். குகைவாய்ப் பயிற்சி தருவது பெரும்பாலும் ஒரே திறன்தான். அதற்குத் தேவையானவை ஒரு ரீல், ஒரு சிறிய ரீல், மூன்று விளக்குகள். அந்தத் திறனை வீட்டிலேயே பேண முடியும்.

நான் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் ஒதுக்குகிறேன். நாற்காலிக் கால்கள், கதவுக் கைப்பிடி, கட்டிலின் கால் ஆகியவற்றில் கயிறு கட்டி மூன்று அறைகளைக் கடக்கிறேன். தடித்த கையுறை அணிந்து, கண்ணைக் கட்டிக்கொண்டு திரும்பி வருகிறேன். கயிற்றை வேண்டுமென்றே விட்டுவிட்டு, அறை நடுவில் இரண்டு சுற்றுச் சுற்றி, சிறிய ரீலைக் கொண்டு தேடுகிறேன். வாய்ப்புக் கிடைக்கும்போது நீச்சல்குளத்தில் முகக்கண்ணாடியை மறைத்துக்கொண்டு அதையே செய்கிறேன். ஒருமுறை எட்டு மாதம் இந்தப் பழக்கம் விட்டுப்போனது. திரும்பத் தொடங்கியபோது முடிச்சுகள் வந்தன. கயிற்றின் இறுக்கம்தான் வரவில்லை. நகர்ந்துகொண்டே ரீலின் மீது ஒரு விரலை மெல்ல அழுத்தி வைப்பது என்ற மிகச் சிறிய பழக்கம் அழிந்துபோயிருந்தது. அது மீண்டும் கைக்கு வர நான்கு தடவைகள் ஆயின. வீட்டுத் தரையில் அதைக் கண்டுபிடிக்க முடிந்ததே இந்த வழியின் பலம். இரட்டைச் சிலிண்டர்களின் வால்வைத் தேடும் கை விறைத்துப்போயிருப்பதை, முழுக் கருவிகளோடு தண்ணீரில் இறங்கும் வரை கண்டுபிடிக்க வாய்ப்புக் குறைவு.

பேணிய திறன் ஒருமுறை உண்மையாகவே சோதிக்கப்பட்டது. ஒரு சரக்குக் கப்பலின் இயந்திர அறைக்குச் செல்லும் குறுகிய வழியில் நானும் துணைவரும் நான்கு நிமிடம் உள்ளே போயிருந்தோம். எங்களுக்குப் பின்னால் வந்த வேறொரு குழுவினர் ஃபின்னை மேலும் கீழும் அடித்ததில், துருவும் எண்ணெய்ப் பிசுக்கும் கலந்த வண்டல் சுவர்போல் எழுந்தது. என் விளக்கை முகக்கண்ணாடியில் ஒட்டி வைத்தால் மட்டுமே வெளிச்சம் தெரிந்தது. நாங்கள் கயிற்றைப் பிடித்து, கையைப் பற்றி, வெளியே வந்தோம், வேறொன்றும் செய்யவில்லை. நான்கு நிமிடத்தில் போன தூரத்தைத் திரும்பிக் கடக்க ஒன்பது நிமிடம் ஆனது. மேலே சொன்ன காற்றுக் கணக்கில் உள்ளே போன நேரமும் வெளியே வரும் நேரமும் ஒன்று என்று எடுத்துக்கொண்டிருந்தேன். பார்வை போய்விட்டால் அது பொருந்தாது. அன்றிலிருந்து என் ஆறரை நிமிடத்தை நான்காகக் குறைத்துக்கொண்டேன்.

குகை வழியின் குறைகளை மறைத்தால் இந்த ஒப்பீடு நேர்மையாக இருக்காது. குகை லட்சக்கணக்கான ஆண்டுகளாக நிற்கும் பாறை. கப்பல் ஒவ்வொரு ஆண்டும் அரித்துக்கொண்டிருக்கும் இரும்பு. பாறையில் வழவழப்பான இடத்தில் கட்டிய முடிச்சை, துருப்பிடித்த தகட்டின் விளிம்பில் கட்டினால் கயிறு அறுந்துபோகும். எனவே கப்பலில் ஒவ்வொரு பிடிப்பையும் முதலில் கையுறையால் தடவிப் பார்க்க வேண்டும் என்பதை நான் கப்பலில்தான் கற்றேன். கூரையிலிருந்து அவிழ்ந்து தொங்கும் மின்கம்பிகளில் சிலிண்டரின் வால்வு மாட்டிக்கொள்வது குகையில் நேராதது; வெட்டுக்கருவிகள் இரண்டை, இரு கைகளுக்கும் எட்டும் இடங்களில் வைத்துக்கொள்வது அவசியம். மூச்சுக் குமிழிகள் மேல்தளத்தில் மோதி, துருச் செதில்களை மழைபோல் கொட்டவைக்கும். ஒருவர் எவ்வளவு நேர்த்தியாக நீந்தினாலும் திரும்பும் வழி கலங்கியிருக்கும். தெளிந்த நீரில் பயின்ற எனக்கு, எப்போதுமே இரண்டு மீட்டருக்கு மேல் கண் தெரியாத குளிர்கடல்களில் அனுபவம் மிகக் குறைவு. அங்கே பயின்று அங்கேயே முக்குளிப்பவர்கள் என் முடிவைத் திருத்தக்கூடும்.

திசைக் குழப்பம் இன்னொன்று. 1980 ஜூன் 7 அன்று சைப்ரஸின் லார்னகா துறைமுகத்துக்கு வெளியே மூழ்கிய சினோபியா, 172 மீட்டர் நீளமுள்ள கப்பல். 42 மீட்டர் ஆழத்தில் இடப்பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. நூற்றுக்கும் மேற்பட்ட லாரிகள் அதில் இருந்தன. சாய்ந்த கப்பலில் தரை சுவராகிறது, கதவு தரையில் விரிந்த பள்ளமாகிறது, படிக்கட்டுகள் பக்கவாட்டில் ஓடுகின்றன. நிமிர்ந்த கப்பலின் வரைபடத்தை மனத்தில் வைத்துக்கொண்டு போகிறவர், அதைத் தொண்ணூறு பாகை திருப்பிப் பார்க்கப் பழகியிருக்க வேண்டும். கப்பலும் ஒரே நிலையில் இருப்பதில்லை. புளோரிடாவில் செயற்கைப் பவளத்திட்டாக 2002-இல் மூழ்கடிக்கப்பட்ட ஸ்பீகல் குரோவ் என்ற பழைய கடற்படைக் கப்பல், வலப்பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. 2005-இல் டெனிஸ் சூறாவளி அதை நிமிர்த்தி வைத்துவிட்டது. முக்குளிப்போருக்காகவே சுத்தப்படுத்தி மூழ்கடிக்கப்பட்ட அந்தக் கப்பலின் உட்பகுதியில்தான் 2007 மார்ச்சில் மூன்று பேர் இறந்தனர். பாதுகாப்பாக்கப்பட்ட கப்பல் என்ற சொல் எவ்வளவு குறுகிய பொருளுடையது என்பதை அந்தச் சாவுகள் எனக்குச் சொல்கின்றன. குகைப் பயிற்சியை முடித்தவரும், இவற்றுக்காகக் கப்பலை நன்கறிந்த ஒருவரோடு சில முக்குளிப்புகளைச் செய்யாமல் தனியே இறங்கக் கூடாது.

மூன்றாவது வழியைப் பற்றி நான் சொல்லக்கூடியது குறைவு. ஆழம் கூடினால் அதற்கு மாற்று இல்லை என்பதில் ஐயமில்லை. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் தாக்கி மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கிய ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் ஏறத்தாழ 53 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. பொழுதுபோக்கு முக்குளிப்பின் எல்லையான 40 மீட்டருக்கு அது வெளியே. 1956 ஜூலையில் மோதலுக்குப் பின் அட்லாண்டிக்கில் மூழ்கிய ஆந்திரியா டோரியா அதைவிடவும் ஆழம். இங்கே ஆழத்தில் மூளையை மந்தமாக்கும் நைட்ரஜன் மயக்கமும், கட்டாய அழுத்தத் தளர்வு நிறுத்தங்களும், ஹீலியம் கலந்த வாயுவும் வந்துவிடுகின்றன. ஒற்றைச் சிலிண்டரும் குகைவாய்ச் சான்றிதழும் அங்கே பொருளற்றவை.

ஆழம் இல்லாத கப்பலிலும் தொழில்நுட்ப வழிக்கு ஒரு மறுக்க முடியாத மேன்மை உண்டு, அது காற்று. இரண்டு 12 லிட்டர் சிலிண்டர்கள் என்றால் 4,800 லிட்டர். அவற்றை இணைக்கும் குழாயின் நடுவே உள்ள வால்வை மூடினால், ஒருபக்கம் கசிந்தாலும் மறுபாதி கையில் நிற்கும். என் ஒற்றைச் சிலிண்டரில் ரெகுலேட்டரின் முதல் நிலை பழுதானால், என் உயிர் துணைவரிடம் இருக்கிறது. இதற்காக நான் 3 லிட்டர் உதவிச் சிலிண்டர் ஒன்றைச் சுமக்கிறேன். 200 பாரில் அது 600 லிட்டர். 30 மீட்டரில் பதற்றத்தோடு மூச்சு வாங்கினால் நான்கு நிமிடத்துக்கும் சற்றுக் குறைவு. வண்டல் கிளம்பிய அன்று எனக்கு ஒன்பது நிமிடம் தேவைப்பட்டது என்பதை நினைத்தால், அந்த உதவிச் சிலிண்டர் போதும் என்று என்னால் சொல்ல முடியாது. பக்கவாட்டில் இரு சிலிண்டர்களை மாட்டும் முறை இதற்கு இடைவழியாக இருக்கலாம். வால்வுகள் கண்ணெதிரே இருப்பதால் தோளை வளைக்கும் பயிற்சியும் தேவையில்லை. இதுவரை ஆறு முக்குளிப்புகளை மட்டுமே அந்த முறையில் செய்திருக்கிறேன். கப்பலின் குறுகிய கதவுகளில் அது எப்படி நடந்துகொள்ளும் என்று தீர்ப்புச் சொல்ல அது போதாது.

மாதம் இருமுறை தண்ணீரில் இறங்க முடிந்தவர், நல்ல பயிற்றுநர் அருகில் இருப்பவர், இரட்டைக் கருவிகளைப் பராமரிக்கும் பொறுமை உள்ளவர் தொழில்நுட்பப் பயிற்சிக்கே நேராகச் செல்லலாம். அவருக்கு என் வாதம் பொருந்தாது. திறந்த சரக்கறைகளைப் பார்த்துவிட்டுத் திரும்புவதில் மனநிறைவு அடைபவருக்கு இரண்டு நாள் பயிற்சி போதும். அதன் எல்லையை மீறாதவரை. இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்கள், அதாவது உள்ளே செல்ல ஆசையும் ஆண்டுக்குச் சில முக்குளிப்புகளும் மட்டுமே உள்ளவர்கள், முதலில் குகைவாய்க்குப் போங்கள். பயிற்றுநரைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: காற்றைப் பகிர்ந்தபடி, கண் தெரியாமல், கயிற்றைப் பிடித்து வெளியே வருவதை நான் எத்தனை தடவை செய்வேன்? ஒருமுறை என்று பதில் வந்தால் வேறொருவரைத் தேடுங்கள். என் பயிற்றுநர் ஒன்பது தடவை செய்யவைத்தார். அவற்றில் முதல் நான்கில் நான் கயிற்றை விட்டுவிட்டேன்.

அடுத்த பயணத்துக்குப் பக்கவாட்டுச் சிலிண்டர் முறையில் மேலும் பத்து முக்குளிப்புகளைத் திட்டமிட்டிருக்கிறேன். அனைத்தும் கப்பலுக்கு வெளியே. உள்நுழைவை அதுவரை பழைய கருவிகளோடு, நான்கு நிமிட எல்லைக்குள் வைத்துக்கொள்கிறேன்.